மிதித்தும் நகராத பெடல் வண்டி: செயினா, கியரா, காற்றா? உங்கள் கால் உழைப்பைத் தின்பது எது?

ரெண்டு பழைய சைக்கிள், கொஞ்சம் இரும்புப் பைப், தெருமுனையில் ஒரு வெல்டிங் பட்டறை. இவ்வளவு இருந்தால் போதும், ஒரு மூன்று சக்கர பெடல் வண்டியைச் செய்துவிடலாம். வாட்டர் கேன் போட, இளநீர் விற்க, பழைய பேப்பர் எடுக்க என்று இப்படிக் கையால் செய்த வண்டிகள் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது.

காலியாக ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. நூறு கிலோ சரக்கை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில்வே மேம்பாலம் ஏறிப் பாருங்கள். பாதியில் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

அப்போது ஆளுக்கொரு யோசனை வரும். "செயினுக்கு எண்ணெய் விடுப்பா", "ஒரு கியர் செட் மாட்டிடு", "பேசாம பழைய மொபெட் இன்ஜினை வெச்சிடு". கடைசி யோசனையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பதிவு இல்லாமல் இன்ஜின் பொருத்தி ரோட்டில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். சைக்கிளுக்குப் போட்ட பிரேக்கும் பைப்பும் அந்த வேகத்தைத் தாங்காது.

மற்ற இரண்டில் எது சரி? பெடலில் நாம் கொடுக்கும் சக்தியில் எவ்வளவு சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது, நடுவில் எங்கெல்லாம் வீணாகிறது என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

காலில் எத்தனை வாட்ஸ் இருக்கிறது?

சாதாரண உடல்வாகு உள்ள ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து மிதித்தால் கிடைப்பது சுமார் 75 முதல் 100 வாட்ஸ். வீட்டில் ஓடும் பழைய சீலிங் ஃபேன் எடுக்கும் கரண்ட் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்ஸ். ஆக, நம் காலில் இருப்பது அதில் எட்டில் ஒரு பங்கு கூடத் தேறுமா என்பது சந்தேகம்தான்.

சில நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு 150, 200 வாட்ஸ் கொடுக்கலாம். உலகத் தரத்தில் ஓட்டும் சைக்கிள் வீரர்கள் ஒரு மணி நேரம் முழுக்க 400 வாட்ஸ் கொடுப்பார்கள். அது வேறு உலகம்.

இன்ஜின் என்றால் 10 வாட்ஸ் வீணானால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். மனிதக் காலுக்கு அது பெரிய இழப்பு. 80 வாட்ஸில் பத்து சதவீதம் போனால், ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 3 கிலோமீட்டர் மிதித்த உழைப்பு சும்மா போகிறது என்று அர்த்தம். தினமும் வண்டி மிதித்துப் பிழைப்பவரின் முழங்காலில் அந்த 3 கிலோமீட்டர் சேர்ந்துகொண்டே போகும்.

செயின் அவ்வளவு மோசமா?

எல்லோருக்கும் முதல் சந்தேகம் செயின் மேல்தான். ஆனால் மனிதன் கண்டுபிடித்த மிகச் சிக்கனமான கருவிகளில் செயினும் ஒன்று.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு 1999-ல் சைக்கிள் செயினைச் சோதனை செய்தது. ஓடும் செயின் எங்கே சூடாகிறது என்று இன்ஃப்ரா ரெட் கேமராவில் பார்த்தார்கள். வீணாகும் சக்தி கடைசியில் சூடாகத்தானே மாற வேண்டும்? நல்ல நிலையில் செயினின் திறன் 98.6 சதவீதம் வரை போனது. மோசமான நிலையில் 81 சதவீதம் வரை இறங்கியது.

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் நமக்கு முக்கியம். அதே செயின், ஆனால் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்து 2 வாட்ஸ் கூட வீணாகாமல் இருக்கலாம், 15 வாட்ஸ் கூட வீணாகலாம்.

எதனால் மாறுகிறது? அந்தச் சோதனையில் இரண்டு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. பல்சக்கரம் பெரிதாக இருந்தால் இழப்பு குறைவு. செயினில் இழுவிசை கூடினால் திறனும் கூடுகிறது. தொய்வாக, சுமையே இல்லாமல் ஓடும்போதுதான் திறன் விழுகிறது.

பெரிய பல்சக்கரம் ஏன் நல்லது என்பதற்கு ஒரு எளிய கணக்கு போதும். செயினின் ஒவ்வொரு கண்ணியும் பல்சக்கரத்தில் ஏறும்போது மடங்குகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. உராய்வு நடப்பது அந்த மடங்கலில். 11 பல் உள்ள சக்கரத்தில் ஒரு கண்ணி கிட்டத்தட்ட 33 டிகிரி மடங்க வேண்டும். 22 பல் என்றால் 16 டிகிரிதான்.

அதனால், முன்னால் 28 பல், பின்னால் 14 பல் போட்டாலும், முன்னால் 44, பின்னால் 22 போட்டாலும் விகிதம் இரண்டுதான். ஆனால் 44-க்கு 22 போட்ட வண்டியில் செயின் குறைவாக மடங்கும், மெதுவாகத் தேயும். பழைய இரும்புக் கடையில் பொறுக்கும்போது சின்னதாக, அழகாக இருக்கிறது என்று சின்னப் பல்சக்கரத்தை எடுத்துவிடாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் அந்தச் சோதனை ஒரு ஆச்சரியத்தைக் கொடுத்தது. சுத்தமான ஆய்வகத்தில் எண்ணெய் விட்டாலும் விடாவிட்டாலும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. "அப்போ எண்ணெயே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். நம் ரோட்டில் மண், மழை, துரு எல்லாம் இருக்கிறது. எண்ணெய் இல்லாத செயின் இங்கே சில வாரத்தில் துருப்பிடித்துக் கண்ணி கண்ணியாக இறுகிவிடும்.

'கியர் மேல் கியர்' வீடியோக்களை நம்பலாமா?

யூடியூபில் இப்படி நிறைய வீடியோ இருக்கிறது. ஒரு பெரிய பல்சக்கரம், அதிலிருந்து ஒரு சின்னது, அதே அச்சில் இன்னொரு பெரியது, மறுபடியும் ஒரு செயின். "லேசா மிதிச்சா போதும், வண்டி பறக்கும்" என்பார்கள்.

பறக்காது. பல்சக்கரம் சக்தியை உண்டாக்காது. வேகத்தைக் கூட்டினால் இழுக்கும் விசை அதே அளவுக்குக் குறையும், விசையைக் கூட்டினால் வேகம் குறையும். வீடியோவில் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும். அதனால்தான் அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது.

அது போக, ஒவ்வொரு செயினும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரு செயின் 95 சதவீதத்தைக் கடத்தினால், அடுத்தடுத்து இரண்டு செயின் போட்ட வண்டியில் சக்கரத்துக்கு வந்து சேருவது 90 சதவீதம். மூன்று என்றால் 86 கூட இல்லை.

சீட் முன்னால், சக்கரம் பின்னால் என்று வண்டி நீளமாக இருந்தால் சில சமயம் நடு அச்சு வைக்காமல் முடியாது. அங்கே கவனிக்க வேண்டியது நடு அச்சைத் தாங்கும் பேரிங். பட்டறையில் பெரும்பாலும் மெஷினுக்குப் போடும் பிளம்மர் பிளாக்கை மாட்டிவிடுவார்கள். அது பல குதிரைத்திறன் மோட்டாருக்காகச் செய்யப்பட்டது. உள்ளே கெட்டி கிரீஸ், இரண்டு பக்கமும் இறுக்கமான ரப்பர் சீல். மோட்டாருக்கு அது தூசு மாதிரி, 80 வாட்ஸ் காலுக்கு அது சுமை. கையால் அச்சைச் சுற்றிவிட்டு எத்தனை சுற்று தானாக ஓடுகிறது என்று பாருங்கள். அரைச் சுற்றில் நின்றால், அங்கே சைக்கிள் ஹப்பையே வெட்டிப் பொருத்துவது நல்லது.

நீளச் செயின் தொங்காமல் இருக்க நடுவில் உருளை வைப்பவர்களும் உண்டு. பெடல் போடும்போது செயினின் ஒரு பக்கம் விறைப்பாக இழுக்கும், மறுபக்கம் தளர்வாகத் திரும்பும். உருளையைத் தளர்வான பக்கம் வைத்தால் இழப்பு மிகக் குறைவு. இழுக்கும் பக்கத்தில் வைத்துச் செயினை வளைத்தால் மொத்தச் சுமையும் அந்த உருளையின் பேரிங்கில் விழும். வேறு வழியில்லை என்றால் அங்கே பெரிய பல்சக்கரத்தை, பால் பேரிங்கோடு போடுங்கள். பிளாஸ்டிக் குழாய்க்குள் செயினை விடுவது தூசுக்கு நல்லது, ஆனால் குழாய் வளைந்திருந்தால் செயின் அதைத் தேய்த்துக்கொண்டே ஓடும்.

மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தில், மனித சக்தியில் மட்டும் ஓடிய வண்டி ஒன்று உண்டு. கனடாவின் ஏரோவீலோ குழு செய்த 'ஈட்டா'. 2016-ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டாட் ரைக்கெர்ட் அதை ஓட்டினார். அந்த வண்டியிலும் காலிலிருந்து சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோனது செயின்தான்.

நூல் பிடித்தால் பாதிக் கோளாறு தெரியும்

கம்பெனியில் செய்த சைக்கிளில் முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கையால் செய்த வண்டியில் இதுதான் முதலில் தவறும். வெல்டிங் சூட்டில் பைப் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். பெடல் அச்சு இருக்கும் கூடு ஒரு டிகிரி சாய்ந்தாலே செயின் கோணலாக ஓட ஆரம்பிக்கும்.

கொத்தனார் மாதிரி ஒரு நூலை எடுத்து, முன் பல்சக்கரத்தின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்துப் பின் பல்சக்கரம் வரை இழுங்கள். நூல் இரண்டையும் ஒரே மாதிரி தொட வேண்டும். விலகல் இருந்தால் பின்னால் வாஷர் போட்டோ, பெடல் அச்சை மாற்றியோ சரி செய்யலாம். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் விலகலைச் செயின் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் உங்கள் காசுதான்.

புதிதாகச் செய்பவர்கள் பட்டறைக்காரரிடம் முதலில் நாலு பக்கமும் புள்ளி வெல்டு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகு மாற்றி மாற்றி முழு வெல்டு அடிக்கச் சொல்லலாம். ஒரே பக்கமாக அடித்து முடித்தால் பைப் வளைவது உறுதி.

நின்ற நிலையில் நேராக இருப்பது மட்டும் போதாது. ஒருவரை சீட்டில் உட்கார வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி பெடலை ஏறி அழுத்தச் சொல்லிவிட்டு, பின்னாலிருந்து பாருங்கள். பல்சக்கரம் ஒரு பக்கம் சாய்கிறதா? அப்படியானால் பைப் தாங்கவில்லை. பாலம் ஏறும்போது ஒரு செயின் நூறு கிலோவுக்கும் அதிகமான விசையில் இழுக்கும். பெடல் கூட்டிலிருந்து பின் அச்சுக்கு நேராக ஒரு பைப் ஓடினால் இந்த முறுக்கு பெருமளவு அடங்கிவிடும்.

செயின் தொய்வு? நடுவில் விரலால் தூக்கினால் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் ஆட வேண்டும். வீணை நரம்பு மாதிரி டைட்டாக வைத்தால் பேரிங்குகள்தான் முதலில் போகும். ஒரு சுற்றில் ஒரு இடத்தில் டைட், இன்னொரு இடத்தில் லூஸ் என்றால் பல்சக்கரம் மையத்தில் உட்காரவில்லை. காட்டர் பின் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அரிசிப் பை சோதனை: உங்கள் வண்டி எத்தனை சதவீதம்?

ஆய்வகம் இல்லாமல் இதை அளக்க முடியுமா? முடியும். தேவை 10 கிலோ அரிசிப் பை ஒன்று, லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்று.

செயின் இழுக்கும் சக்கரம் தரையைத் தொடாமல் வண்டியை ஹாலோ பிளாக் கல் மேல் ஏற்றி வையுங்கள். பெடல் தண்டு முன்பக்கம் படுக்கை வாட்டில் இருக்கட்டும். அந்தப் பெடலில் அரிசிப் பையைக் கட்டித் தொங்க விடுங்கள். டயரின் ஓரத்தில் கயிறு கட்டி, தராசைக் கொக்கியில் மாட்டி, சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கையை மிக மெதுவாகத் தளர்த்தி, பை கீழே இறங்கும்போது தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து மெதுவாக இழுத்து, பை மேலே ஏறும்போது காட்டும் எடையையும் குறியுங்கள்.

உராய்வே இல்லாத வண்டியில் இரண்டும் ஒன்றாக இருக்கும். நிஜத்தில் இறங்கும்போது குறைவாகவும் ஏறும்போது அதிகமாகவும் காட்டும். உதாரணத்துக்கு 2.1 கிலோ, 2.6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2.35. இடைவெளியில் பாதி 0.25. அதாவது இழப்பு சுமார் 10 சதவீதம்.

ஓடும்போது இருக்கும் உராய்வும் நிற்கும்போது இருப்பதும் அச்சு அசலாக ஒன்றல்ல. ஆனால் இந்தச் சோதனையின் பயன் ஒப்பிடுவதில் இருக்கிறது. செயினைச் சுத்தம் செய்வதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. கோனை லூஸ் செய்து ஒரு தடவை. எதைச் சரி செய்தபோது இடைவெளி சுருங்கியதோ, கோளாறு அங்கேதான் இருந்திருக்கிறது. காசு செலவழித்து புதுசு வாங்குவதற்கு முன் இதைச் செய்தால் பாதிச் செலவு மிச்சம்.

அப்போ பாலத்தில் ஏன் நிற்கிறது?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். செயினை 98 சதவீதத்துக்குக் கொண்டு வந்த பிறகும் வண்டி பாலத்தில் நிற்கலாம். சக்தி வீணாவது ஒரு பிரச்னை, காலுக்குப் பொருந்தாத பல் கணக்கு வேறு பிரச்னை.

ஒரு கணக்கு போடுவோம். வண்டி 70 கிலோ, ஓட்டுபவர் 60, சரக்கு 120. மொத்தம் 250 கிலோ. டயர் உருள்வதற்கே எடையில் ஒன்றரை சதவீதம் விசை வேண்டும் என்று வைத்தால் 3.75 கிலோ. பாலம் நூறு மீட்டருக்கு 3 மீட்டர் ஏறுகிறது என்றால் இன்னொரு 7.5 கிலோ. ஆக மொத்தம் 11.25 கிலோ விசையில் வண்டியைத் தள்ள வேண்டும்.

முன்னால் 44 பல், பின்னால் 22. 28 அங்குல சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 4.4 மீட்டர் நகரும். அந்த நேரத்தில் உங்கள் பாதம் நகர்வது ஒரு மீட்டரும் கொஞ்சமும்தான். ஆகவே பாதத்தில் சராசரியாக 48 கிலோ அழுத்தம் வேண்டும்.

சராசரிதான் 48. பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது காலால் தள்ள முடியாது. அந்தக் குறையை நடுவில் ஈடுகட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் பெடல் படுக்கை வாட்டில் இருக்கும் நொடியில் 75 கிலோ வரை தேவை. ஓட்டுபவர் எடையே 60 கிலோ! எழுந்து நின்று பெடல் மேல் ஏறினாலும் பத்தாது. ஹேண்டில் பாரைப் பிடித்து இழுத்து, பல்லைக் கடித்துத்தான் ஏற வேண்டும். முழங்கால் வலி ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான்.

முன் பல்சக்கரத்தை 32 ஆக மாற்றினால்? அதே பாலத்தில் சராசரி அழுத்தம் 35 கிலோவுக்கு இறங்கும். வண்டி மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும். சமதளத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் ஓட்டும்போது பெடல் நிமிஷத்துக்கு 40 சுற்று போல் சுற்றும். அது காலுக்கு இதமான வேகம்தான். சின்னப் பல்சக்கரத்தால் செயின் திறனில் கொஞ்சம் குறையும் என்று மேலே சொன்னோமே, அதை இங்கே பொருட்படுத்தத் தேவையில்லை. பாலத்தைப் பொறுத்தவரை அரை சதவீதத் திறனைவிட 13 கிலோ அழுத்தம் பெரிது.

ஏற்றமும் இறக்கமும் உள்ள ஊர் என்றால் ஒரே விகிதம் போதாது. அப்போதுதான் கியர் செட். பின்னால் பல அடுக்குப் பல்சக்கரம் வைப்பது மலிவு, பழுது பார்க்கவும் எளிது. ஹப்புக்குள்ளேயே மூன்று வேகம் வரும் வகை மண்ணுக்கும் மழைக்கும் நல்லது. செஸ்டர் கைல், ஃபிராங்க் பெர்ட்டோ ஆகிய இரு அமெரிக்கர்கள் இரண்டையும் ஒப்பிட்டு அளந்து 2001-ல் வெளியிட்ட முடிவின்படி, ஹப் கியர் சராசரியாக 2 சதவீதம் போல்தான் பின்தங்கியது. கியர் வாங்கும்போது பலரும் கவனிப்பது எத்தனை 'ஸ்பீடு' என்பதை. சரக்கு வண்டிக்குப் பார்க்க வேண்டியது மிகக் குறைந்த கியர் எவ்வளவு குறைவு என்பதை.

செயினுக்கு முன்னாலும் பின்னாலும்

சாப்பாட்டிலிருந்து வரும் சக்தியில் பெடலுக்குப் போவது 20 முதல் 25 சதவீதம். மீதி உடம்பிலேயே சூடாகி வியர்வையாகப் போகிறது. மொத்தக் கணக்கில் மிகப் பெரிய இழப்பு இதுதான். சீட் உயரம் சரியில்லை என்றால் இந்த இழப்பு இன்னும் கூடும். கையால் செய்த வண்டிகளில் சீட் பெரும்பாலும் தாழ்வாக இருக்கிறது, இறங்கி ஏற வசதி என்பதற்காக.

சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடியில் விட்டு, குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் அளவு.

செயினுக்குப் பின்னால் இருக்கும் திருடன் டயர். மேலே போட்ட கணக்கில் 3.75 கிலோ என்பது காற்றுக் குறைந்த டயருக்கான கணக்கு. நல்ல டயரில் காற்றைச் சரியாக அடித்தால் இது 2 கிலோவுக்கு வரலாம். சமதளத்தில் கிட்டத்தட்ட பாதி உழைப்பு மிச்சம். செயினில் என்ன செய்தாலும் இவ்வளவு கிடைக்காது, செலவோ காற்றடிக்கும் காசு.

ஜோடிச் சக்கரம் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்பதையும் அதே நூலால் பார்த்துவிடுங்கள். முன்பக்க இடைவெளியும் பின்பக்க இடைவெளியும் வேறுபட்டால் டயர் உருளாமல் தேய்ந்துகொண்டே போகும். பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டியில் இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் திருப்பத்தில் ஒன்று வழுக்கித்தான் ஆக வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் செயினோடு இணைத்து, மற்றதைச் சும்மா சுற்ற விடுவது எளிய வழி. ரிக்‌ஷாக்களில் காலம் காலமாக இருப்பது அதுதான்.

ரிக்‌ஷா என்றதும் ஒன்று. தமிழ்நாட்டில் 1973-ல் கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். இழுப்பதிலிருந்து மிதிப்பதற்கு மாறியது பெரிய விடுதலை. ஆனால் அந்த ரிக்‌ஷாவின் எடையும் ஒரே விகிதப் பல்சக்கரமும் இந்தியா முழுக்க பல வருஷம் மாறவே இல்லை. 1990-களின் கடைசியில் ஐ.டி.டி.பி. என்ற போக்குவரத்து அமைப்பு ஆக்ரா, டெல்லி பக்கம் ரிக்‌ஷாவை மறுபடி வடிவமைத்தபோது செய்தது முக்கியமாக இரண்டு வேலை. சுமார் 80 கிலோ இருந்த வண்டியின் எடையை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தார்கள், கியர் வைத்தார்கள்.

செயினை எப்போது மாற்ற வேண்டும்?

பட்டறையில் சும்மா கிடைக்கிறது என்று பழைய இன்ஜின் ஆயிலைச் செயினில் ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அதில் இரும்புத் துகள் இருக்கும், வெளியே ஒட்டிக்கொண்டு மண்ணையும் சேர்த்துப் பிடிக்கும். அது செயினை அரைக்கிற மாவு மாதிரி. மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, காய வைத்து, ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு நல்ல எண்ணெய் விட்டு, வெளியே இருப்பதைத் துணியால் துடைத்துவிட்டால் போதும். எண்ணெய் வேலை செய்வது உள்ளேதான். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இருப்பதால் இதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். மழையில் நனைந்த வண்டிக்கு அன்றைக்கே செய்துவிடுவது நல்லது.

தேய்மானத்தை அளக்கச் சாதாரண ஸ்கேல் போதும். புதுச் செயினில் 24 கண்ணி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். அது பன்னிரண்டு அங்குலத்தைத் தாண்டி ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குலம் நீண்டுவிட்டால் செயின் முடிந்தது. பல்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கூர்மையாகியிருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் சுமை ஏறும்போது கடக்கென்று தாண்டும். பாலத்தின் நடுவில், நின்றுகொண்டு மிதிக்கும்போது அது நடந்தால் ஆள் கீழே விழுவார்.